வக்கீல் வேண்டாம்... வெள்ளைத்தாள் போதும்!

புரட்டாசிச் சனிக்கிழமை விடிகாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையைப் பார்க்க வேண்டும். கிரிவலம் போகிற திருவண்ணாமலை அல்ல இது. தென்திருப்பதி என்று இந்தப் பக்கத்தார் கும்பிடுகிற சீனிவாசப் பெருமாள் மலை. ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர் என்று நாலா பக்கமிருந்தும் வேனும் காரும் டூவீலரும் வந்து அடைய, நடந்து வருகிற கூட்டம் நடுச்சாலையைப் பிடித்துக்கொள்ளும். அந்த நெரிசலில் ஒரு பம்பர் விரிசல் விடுவதும், பின்னால் வந்த வேன் டிக்கியை உள்ளே தள்ளுவதும் நடக்கிற காரியம்தான். ஐந்து நிமிடம் சத்தம் நடக்கும். யாராவது ஒரு பெரியவர், "சாமி கும்பிட வந்த இடத்துல எதுக்குப்பா சண்ட?" என்பார். "சரி விடுங்கண்ணே, இன்சூரன்ஸ்ல பாத்துக்கிடலாம்" என்று இருவரும் பிரிந்துபோவார்கள்.

அதற்கப்புறம்தான் கதையே. ஒர்க்‌ஷாப்பில் 60,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுப்பார்கள். கம்பெனி 38,000 தருகிறேன் என்னும், அல்லது ஒரேயடியாகக் கையை விரித்துவிடும். டீக்கடையில் விசாரித்தால், "வக்கீலப் பாருங்க" என்று பதில் வரும். 22,000 ரூபாய்க்காக வக்கீல் ஃபீஸ் கொடுத்து, வாய்தா வாய்தாவாக அலைய யாருக்குத் தெம்பு இருக்கிறது? காரின் சொந்தக்காரர் பேசாமல் கைக்காசைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படி விட்டுக்கொடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தன் வண்டிக்கு ஏற்பட்ட சேதம் தொடர்பான தகராறை வக்கீல் இல்லாமலே நடத்துவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று சென்னையில், அங்கே வக்கீலுக்கு அனுமதியே கிடையாது. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. மாவட்டத் தலைநகர் என்னவோ விருதுநகர்தான். ஆனால் மாவட்ட முதன்மை நீதிமன்றமும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஆண்டாள் ஊரில்தான் நடக்கின்றன. ராஜபாளையத்துக்காரருக்கு அரை மணி நேரப் பஸ் பயணம்.

ஆனால், அந்த இரண்டு இடங்களிலும் ஜெயிப்பது முதல் இரண்டு நாளில் நீங்கள் சேர்த்து வைத்த காகிதத்தைப் பொறுத்தது. எனவே விபத்து நடந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

சாலையோரத்தில்

வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள். இரண்டு வண்டியின் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும். சாலையும் பக்கத்துக் கடையோ மைல்கல்லோ தெரிந்தால் இன்னும் நல்லது. அடுத்து, பாலிசியில் இருக்கும் டோல்ஃப்ரீ எண்ணுக்குப் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்க வேண்டும். பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜென்டிடம் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் மறந்துபோனால், கம்பெனியின் கணக்கில் நீங்கள் தகவலே சொல்லவில்லை.

போலீஸுக்குப் போக வேண்டுமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. யாருக்காவது காயம், அடுத்தவர் சொத்துக்குச் சேதம், திருட்டு என்றால் கட்டாயம் போக வேண்டும். தீப்பிடித்தாலும் எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது. உங்கள் கார் தானாகப் புளியமரத்தில் மோதி நின்றால் எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது. இருந்தாலும் சேதம் பெரிதென்றால் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பதில் நஷ்டமில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரச் சாலைகளில் இரவில் காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து முன்பக்கம் நொறுங்குவதும் விபத்துதான். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் கிளெய்ம் உண்டு. சாட்சி சொல்லப் பன்றி வராது என்பதால் போட்டோ முக்கியம்.

சர்வேயர் பார்க்கும் முன் மெக்கானிக் எதையும் கழற்றக் கூடாது. "நம்ம பையந்தான், ரெண்டு நாள்ல முடிச்சிருவான்" என்று டிங்கரிங் வேலையைத் தொடங்கிவிட்டால், கழற்றிப் போட்ட உதிரிபாகம் இந்த விபத்தில்தான் உடைந்தது என்பதை யார் நிரூபிப்பது? வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சாவியைத் திருகவே கூடாது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை "பின்விளைவு இழப்பு" என்று தள்ளிவிடுவார்கள். 2015 டிசம்பரில் சென்னைக்காரர்கள் இதை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். தனி இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருந்தால்தான் அங்கே வாதம் எடுபடும்.

கிளெய்ம் படிவத்தில் விபத்து எப்படி நடந்தது என்று எழுத இரண்டு மூன்று வரி இடம் இருக்கும். அந்த இடத்தை ஒர்க்‌ஷாப் பையனிடம் விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் போடுவது நம் ஊர் வழக்கம். நீங்களே எழுதுங்கள். ஓட்டியது மகன், அவனுக்கு லைசென்ஸ் காலாவதி என்பதால் அப்பா ஓட்டியதாக எழுதலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ, ஸ்டேஷன் பதிவிலோ, சுங்கச்சாவடிக் கேமராவிலோ அது ஒருநாள் வெளிப்படும். அந்த ஒரு பொய்யால் நியாயமான பாக்கித்தொகையும் போய்விடும்.

60,000 எப்படி 44,750 ஆகிறது?

கம்பெனி குறைத்துத் தந்தாலே ஏமாற்று என்று நினைப்பது தவறு. 2002-ன் மோட்டார் டாரிஃப் வகுத்த கணக்குதான் இன்றைக்கும் சாதாரண பாலிசிகளில் ஓடுகிறது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் தேய்மானம் 50 சதவீதம். ஃபைபர் பாகத்துக்கு 30. கண்ணாடிக்கு எதுவும் இல்லை. உலோக பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து ஏறும்: முதல் ஆறு மாதம் கழிவில்லை, மூன்று முடிந்து நான்காம் ஆண்டுக்குள் 25, ஐந்தைத் தாண்டினால் 40, பத்தைத் தாண்டினால் 50.

உதாரணத்துக்கு மூன்றரை வயதுக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி.யைத் தனியே வைத்துவிட்டால் பில் 60,000. அதில் பம்பர் முதலான பிளாஸ்டிக் 18,000. பாதி கழிந்தால் 9,000 போயிற்று. பானெட், ஃபெண்டர் தகடு 16,000. 25 சதவீதம் 4,000. கண்ணாடி 6,000, கூலி 10,000 இரண்டிலும் கழிவில்லை. பெயின்டிங் 10,000 என்றால் அதில் கால்பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்: 1,250. இவற்றுக்கு மேல், 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயக் கழிவு 1,000. மொத்தம் 15,250 போக வர வேண்டியது 44,750.

கம்பெனியோடு சண்டை போட வேண்டியது 60,000-க்கு அல்ல, 44,750-க்கு என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ‘பம்பர் டு பம்பர்’ என்று நம் ஊரில் சொல்கிற ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு இருக்காது. கட்டாயக் கழிவு மட்டும் நிற்கும். பழுதுபார்ப்புச் செலவு ஐ.டி.வி. தொகையில், அதாவது பாலிசியில் குறித்திருக்கும் வண்டியின் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அப்போது, வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால், பணம் முதலில் கடன் கொடுத்த பாங்குக்குத்தான் போகும்.

இந்தக் கணக்கை சர்வேயர் போடுகிறார். சேதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர்தான் பார்க்க வேண்டும். தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும், அவர் அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் வைத்த கெடு. ஆவணம் போதவில்லை என்ற காரணத்துக்காகவே கிளெய்மைத் தள்ளக் கூடாது என்றும் அந்த ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் சொன்னதே வேதம் அல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2009-ல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் – பிரதீப்குமார் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் மறுத்துப் பேசச் சான்று வேண்டும்: ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட், உதிரிபாக விலைப்பட்டியல், உடைந்த பாகத்தின் போட்டோ.

கம்பெனி பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் (நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியன்டல் ஆகிய நான்கும்) இன்னொரு ஆயுதம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போட்டு, சர்வே அறிக்கையையும் உங்கள் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் கம்பெனிகள் இதில் சிக்காது என்பது நம் துரதிர்ஷ்டம்.

ஒயிட் போர்டு வாடகை

கார்த்திகை பிறந்தால் ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை, கொல்லம் என்று போகிற நெடுஞ்சாலை ஐயப்ப பக்தர்களின் சாலையாகிவிடும். வாடகை வண்டிக்குத் தட்டுப்பாடு. "நம்ம வண்டிதான் சும்மா நிக்குதே, டீசல் போட்டு ஏதோ கொடுங்க மாப்ள" என்று சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஒயிட் போர்டு காரைச் சபரிமலைக்கு அனுப்புவது ஊருக்கு ஊர் நடக்கிறது. திரும்பி வரும்போது தூக்கக் கலக்கத்தில் ஓட்டுநர் லாரியில் மோதிவிட்டால், சர்வேயர் கேட்கிற முதல் கேள்வி: உள்ளே இருந்தவர்கள் உங்களுக்கு என்ன உறவு?

வாடகைக்கு விட்டது நிரூபணமானால் பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும். ஆனாலும் முழுத் தொகையையும் மறுத்துவிட முடியாது என்ற வழி ஒன்று திறந்திருக்கிறது. 2008-ல் நிதின் கண்டேல்வால் வழக்கிலும், 2010-ல் அமலேந்து சாஹு வழக்கிலும் இதே மாதிரியான மீறலை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. முழுத்தொகை இல்லாவிட்டாலும், 75 சதவீதம் வரை தருகிற ‘நான்-ஸ்டாண்டர்ட்’ முறையில் இழப்பீடு கொடுக்கலாம் என்று சொன்னது. எனவே அப்படி மாட்டிக்கொண்டவர் உண்மையை ஒப்புக்கொண்டு 75 கேட்பது, பொய் சொல்லி 100 கேட்பதைவிடக் கெட்டிக்காரத்தனம். போனவர்களில் யாருக்காவது காயமென்றால் வேறு கதை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் விழுகிற பள்ளம் வேறு. ஆர்.சி. பெயர் மாறியிருக்கும், பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கும். மோதப்பட்ட மூன்றாம் நபருக்கு அந்த பாலிசி தானாகப் பாதுகாப்பளிக்கும். உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கு அளிக்காது. 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதை முடிவுகட்டிவிட்டது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற மனு கொடுங்கள். மாற்றாமல் விட்டால், பரிகாரம் எந்த ஆணையத்திலும் கிடைப்பது அரிது.

திருட்டு வழக்குகளில் கம்பெனிகள் விரும்பிப் பிடித்துத் தொங்கிய காரணம், "தாமதமாகச் சொன்னீர்கள்." போலீஸில் உடனே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்து மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் பெயரை உங்கள் மனுவில் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சென்னைக் கதவு

கம்பெனி மறுத்துவிட்டது, அல்லது குறைத்துவிட்டது. முதலில் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். போனில் "வராது சார்" என்று சொன்னால், "பேசியபடி, இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள், கடிதமாகத் தாருங்கள்" என்று அன்றே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்பதுதான் உங்கள் முழு வழக்கு. பின்னால் வேறு காரணத்தைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது கம்பெனிக்குச் சுலபமில்லை.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு புகார். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஆணையம் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லாது. கம்பெனியைப் பதில் சொல்ல வைக்கும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது.

கட்டணம் கிடையாது. 2017-ல் வந்த விதிகளின்படி பாலிசிதாரரோ வாரிசோ நாமினியோ தானே எழுதித் தர வேண்டும். வக்கீல் ஆஜராக முடியாது. எதிரே கம்பெனிக்காக வருகிறவரும் அதன் அதிகாரிதான். மெயிலிலும் ஆன்லைனிலும் புகார் தரலாம். 2021 திருத்தத்துக்குப் பின் வீடியோவில் விசாரணை நடத்தவும் வழி இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம் என்பதால் நம் ஊர்க் கார் தகராறு எதுவும் வெளியே போகாது. ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முடிவு; கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் நிற்க முடியாது. தொகையைப் பற்றிய தகராறு என்றால் ஓம்பட்ஸ்மனைத்தான் நான் முதலில் சொல்வேன். மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று தோன்றினால் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கதவு

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று அமலுக்கு வந்தபோது, நமக்குப் பெரிய உதவியாக ஒன்றைச் செய்தது. கம்பெனியின் தலைமையகம் மும்பையோ புனேயோ, பாலிசி எடுத்தது எந்த ஊரோ, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கிற தொகை அல்ல, கட்டிய பிரீமியம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். காருக்கு 50 லட்சம் பிரீமியம் கட்டுகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார். பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் நீதிமன்றக் கட்டணமும் பூஜ்யம்தான்.

மனு எழுதுவதற்குச் சட்டத்தமிழ் தேவையில்லை. நான் யார், எதிர்த்தரப்பு யார், பாலிசி எண், விபத்து நடந்த தேதி, தகவல் சொன்ன நேரம், சர்வே, மறுப்புக் கடிதம், எனக்கு வர வேண்டிய கணக்கு, நான் கேட்பது: இப்படித் தேதி வரிசையில் பத்திக்கு ஒரு செய்தியாக நம்பர் போட்டு எழுதினால் மனு ஆயிற்று. தொகையோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் கேளுங்கள். கேட்காததை அவர்களாகத் தர மாட்டார்கள். ஆதாரங்களுக்கு ஒரு பட்டியல், உறுதிமொழிப் பத்திரம், எதிர்த்தரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் கூடுதலாக. தமிழிலேயே எழுதலாம். 2025 முதல் ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் முடியும். ஆணைய அலுவலகத்துக்கே போய் எழுத்தரிடம் ஒருமுறை காட்டி வருவது இன்னும் நிம்மதி. மறுப்பு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு.

நோட்டீஸ் கிடைத்த கம்பெனி 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் 15 நாள் சேர்த்துத் தரலாம். அந்த 45 நாளைத் தாண்டி ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும், கம்பெனி வக்கீல் வாய்தா கேட்பார், மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். எதிரே கறுப்புக் கோட்டு நிற்கிறதே என்று தயங்க வேண்டாம். சொந்தமாக ஆஜராகிறவரின் வழக்கை ஆவணங்களை வைத்தே பார்க்க முடியும். நீங்கள் போக முடியாவிட்டால் வக்கீல் அல்லாத ஒருவரைக்கூட முகவராக அனுப்பலாம் என்பதை 2011-ல் சி.வெங்கடாசலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு வேடிக்கையும் உண்டு: வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று நுகர்வோர் ஆணையத்தில் அவர்மேல் வழக்குப் போட முடியாது என்பது 2024 மே மாதத் தீர்ப்பு.

இப்போது, கடைசியில் பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. விபத்தில் ஒருவர் இறந்துவிட்டாலோ, கை கால் போனாலோ, உங்கள்மேல் யாராவது இழப்பீடு கேட்டாலோ, அது மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தின் வேலை. ஊனத்தின் சதவீதம், இழந்த வருமானம், ஓட்டியவர்மேல் நடக்கிற கிரிமினல் வழக்கு எல்லாம் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்ற கெடு வேறு. அங்கே வக்கீல் வேண்டும்; இந்தக் கட்டுரையைக் காட்டி ஃபீஸை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் சொந்தக் காரின் வழக்கில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி. கம்பெனி ஒரு குறைந்த தொகையைக் கொடுத்து, ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த டிஸ்சார்ஜ் வவுச்சரை நீட்டும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, பணம் அவசரம், கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை. போடுங்கள். "பாக்கித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று மேலே கையால் எழுதிவிட்டுப் போடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதவே விடவில்லை என்றால், அன்று மாலைக்குள் அதையே மெயிலில் அனுப்பிவிடுங்கள். வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே உரிமை போய்விடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றமும், 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கையும் சொல்கின்றன. கட்டாயத்தில் போட்டேன் என்பதைக் காட்டும் பொறுப்பு மட்டும் உங்களுடையது.

உத்தரவு உங்கள் பக்கம் வந்து, கம்பெனி மேல்முறையீடு போக நினைத்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். நமக்கு அதன் மதுரைக் கிளை. போவதற்கு முன் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் கதவைத் தட்ட முடியும். 15,000, 20,000 ரூபாய்த் தகராறுக்கு வக்கீல் வைத்து மதுரைக்குப் போவது கட்டுப்படியாகுமா என்று அப்போது கணக்குப் பார்க்க வேண்டியது கம்பெனிதான்.